அரசாங்கத்தின் மென்பொருள் யார் வசம்?

2025ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், குஜராத் மாநிலத்து வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் அலுவலர்களுக்குத் தங்கள் மின்னஞ்சலும், தாங்களே எழுதிச் சேமித்து வைத்திருந்த கோப்புகளும் திடீரென்று எட்டாதவையாகிவிட்டன. அந்த நிறுவனத்தில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் ஏறக்குறையப் பாதிப் பங்கை வைத்திருக்கிறது என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18ஆம் தேதி அதன்மீது தடை விதித்திருந்தது. தடை விதித்தது ஐரோப்பா. அந்தத் தடையை முன்னிட்டுச் சேவையை நிறுத்தியது அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட். பாதிக்கப்பட்டதோ இந்தியச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டு இந்திய மண்ணில் தொழில் நடத்தும் ஒரு நிறுவனம். உரிமங்களுக்குரிய பணம் முழுவதையும் செலுத்தியிருந்தும் தன்னுடைய தரவுகளே தனக்கு மறுக்கப்பட்டன என்று முறையிட்டு நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. அந்த மாதம் முடிவதற்குள் சேவையும் திரும்பக் கிடைத்தது.

வழக்கு அந்த அளவில் அடங்கிவிட்டாலும், அது எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. இந்தியச் சட்டம் எதையும் மீறாத, இந்திய நீதிமன்றம் எதுவும் தண்டிக்காத ஒரு ஸ்தாபனத்தின் அன்றாடக் காரியங்களை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் நிறுத்திவிட முடியும் என்றால், அதே மென்பொருளையும் அதே சேவைகளையும் நம்பி நடக்கும் தலைமைச் செயலகங்களும், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களும், மருத்துவமனைகளும், பல்கலைக்கழகங்களும் எந்த உறுதியின்மேல் நின்றுகொண்டிருக்கின்றன? தனியார் நிறுவனத்துக்கு நேர்ந்தது நஷ்டம். அரசாங்கத்துக்கு நேருமானால் அது பிரஜைகளின் பிறப்பு இறப்புப் பதிவுகளும், பட்டாவும், ஓய்வூதியமும், பரீட்சை முடிவுகளும் ஒருங்கே முடங்கும் ஆபத்து.

மென்பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர் இன்று அரிது. ஒருவருக்கு விண்டோஸ் பழகியிருக்கிறது. மற்றொருவர் ஆப்பிளை விட்டு அசைய மாட்டார். வேறொருவர் லினக்ஸின் பெருமையை நாள் முழுதும் பேசுவார். இந்தத் தேர்வுகள் யாவும் அவரவர் ருசியையும் சௌகரியத்தையும் பணவசதியையும் பொறுத்தவை. அவற்றில் பிறர் குறுக்கிட நியாயமில்லை. ஆனால் அரசாங்கம் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது ருசியைப் பற்றிய விஷயமன்று. அது செலவிடுவது ஊரார் பணம். அது எழுதிவைக்கும் ஏடுகள் ஊராருடையவை. அது தேர்ந்தெடுத்த வழியிலேயே அதனிடம் மனுச் செய்யும் குடிமக்கள் ஒவ்வொருவரும் நடந்தாக வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசாங்கம் எந்த வியாபார நிறுவனத்தையும்விட நெடுங்காலம் வாழ்வது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதிவான ஒரு கிரயப் பத்திரத்தை இன்று எடுத்துக்காட்டும் கடமை அதற்கு உண்டு. ஆகவே அரசாங்கத்தின் மென்பொருளுக்கு நாம் வைக்க வேண்டிய முதல் சோதனை, அது அழகாக இருக்கிறதா, மலிவாக இருக்கிறதா என்பதன்று. எவருடைய அனுமதியும் இல்லாமல் நாளையும் அதைக் கொண்டு நம் ஏடுகளைத் திறக்க முடியுமா என்பதே.

அரசாங்கம் செய்யும் தேர்வு குடிமக்களைப் பிணைக்கும் விதத்துக்குத் தென்கொரியாவைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். 1990களில் வலுவான மறையாக்க முறைகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியிருந்தது. இணையத்தில் பணப் பரிமாற்றத்தைப் பாதுகாப்பாக நடத்த விரும்பிய கொரியர்கள், ‘சீட்’ என்ற மறையாக்க முறையைத் தாங்களே உருவாக்கினார்கள். 1999இல் மின்னணுக் கையொப்பத்துக்குச் சட்டமும் செய்தார்கள். இதுவரை அவர்களுடைய முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த முறையை மக்களின் கணினிகளில் இயங்கச் செய்வதற்கு அவர்கள் கைக்கொண்ட சாதனம், மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் மட்டுமே வேலை செய்யும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணைநிரல். வங்கிக் கணக்கைப் பார்க்கவும், வரி கட்டவும், கடையில் பொருள் வாங்கவும் அரசு அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அந்தத் துணைநிரல் வேண்டும். துணைநிரலுக்கு அந்த ஒரே உலாவி வேண்டும். உலாவிக்கு விண்டோஸ் வேண்டும் என்று ஒன்றையொன்று பற்றிய தளைகள், உலகத்திலேயே மிக விரைவான இணைய வசதி படைத்த ஒரு நாட்டு மக்களைக் கட்டிவைத்தன.

அமெரிக்கா தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை 2000ஆம் ஆண்டிலேயே தளர்த்திவிட்டது. நோய் நீங்கிய பிறகும் மருந்து நீங்கவில்லை. 2014இல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரைக் கண்டு மயங்கிய சீன ரசிகர்கள், கதாநாயகி அணிந்திருந்த மேலங்கியைக் கொரிய இணையக் கடைகளில் வாங்க முயன்று, இந்தச் சான்றிதழ் ஏற்பாட்டைக் கடக்க முடியாமல் திரும்பிய செய்தியை அந்நாட்டுக் குடியரசுத் தலைவரே ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேச நேர்ந்தது. அதற்குப் பிறகும் சட்டம் திருத்தப்பட்டு, அரசு சான்றிதழின் ஏகபோகம் முடிவுக்கு வந்தது 2020 டிசம்பரில்தான். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரு தேசம் ஒரு நிறுவனத்தின் ஒரு தயாரிப்பைக் கட்டிக்கொண்டு காலம் கழித்தது. அந்த நிறுவனம் அவர்களைக் கட்டாயப்படுத்தவுமில்லை. தேசத்தின் சட்டமே தன் மக்களைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது. நம் நாட்டிலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே சரியாகத் திறக்கும் என்று அறிவித்துக்கொண்டிருந்த அரசு இணையதளங்கள் பல இருந்ததை மறந்துவிடலாகாது. அந்த உலாவிக்கு 2022 ஜூன் மாதத்தில் அதைப் படைத்தவர்களே விடைகொடுத்துவிட்டார்கள்.

கொரியர்கள் பட்டது உலாவியால்; தமிழர்களாகிய நாம் பட்டது எழுத்துருவால். கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில் எல்லோரும் உடன்பட்டிருந்தால்தான் ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க முடியும். 1980களிலும் 1990களிலும் தமிழைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகள், எந்தப் பெரிய நிறுவனமும் நம் மொழியைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், சொந்த அறிவையும் சொந்தப் பணத்தையும் செலவிட்டு எழுத்துருக்களைப் படைத்தார்கள். 1985 முதல் முரசு அஞ்சலை வளர்த்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனைப் போன்றவர்களுக்கு நம் மொழி என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஆயினும் பொது நியதி ஒன்று இல்லாமையால் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக எண்களை வகுத்துக்கொண்டது. இலங்கையில் பாமினி பரவிற்று. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் வழங்கிற்று. நாளிதழ்களும் பதிப்பகங்களும் தத்தமக்கென்று வேறு வேறு முறைகளைக் கைக்கொண்டன. ஓர் அலுவலகத்தில் தட்டெழுதிய தமிழ்க் கடிதத்தை, அதே எழுத்துரு இல்லாத அடுத்த அலுவலகத்தில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த பொருளற்ற குவியலே திரையில் தோன்றியது.

இந்தச் சீர்கேட்டுக்கு முடிவு காண 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாட்டு அரசு கூட்டிய தமிழ்நெட் 99 மாநாடு, டாம், டாப் என்னும் குறியேற்ற முறைகளையும், இன்றும் பலர் விரும்பிப் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகையையும் வகுத்துத் தந்தது. ஒருங்குறி என்னும் யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலிருந்தே தமிழுக்கு இடம் இருந்தும், அரசு அலுவலகங்கள் ஒருங்குறியையும், சிறப்புத் தேவைகளுக்கு டேஸ்16 என்ற முறையையும் பின்பற்ற வேண்டும் என்று அரசாணை பிறந்தது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான். அதற்கு முந்திய இருபதாண்டுகளில் நம் அலுவலகங்களும் கல்லூரிகளும் அச்சகங்களும் எழுதிக் குவித்தவற்றுள் எத்தனையோ கோப்புகள், எழுத்துரு மாற்றிகளின் துணையின்றி எவராலும் வாசிக்க இயலாதவையாக ஆகிவிட்டன. அந்த மாற்றிகளில் பலவற்றைச் செய்து இலவசமாகத் தந்தவர்களும் தன்னார்வத் தமிழர்களே என்பது நமக்கு ஆறுதல் தருகிற செய்தி. ஆனால் ஒரு சமூகத்தின் பதிவுகள் சில நல்லவர்களின் ஓய்வுநேர உழைப்பை நம்பிக் கிடப்பது முறையாகாது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். கிடைத்த ஏடுகள் செல்லரித்திருந்தன, ஒடிந்திருந்தன, முதலும் முடிவும் இழந்திருந்தன. எனினும், கையில் கிடைத்த ஏட்டை எழுத்தறிந்தவர் எவரும் விளக்கின் முன் வைத்துப் படிக்கலாம்; ஓலை செய்தவனிடமோ எழுத்தாணி வடித்தவனிடமோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. பனையோலைக்கு இருந்த அந்தச் சுதந்திரம், அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த நம்முடைய சாதனங்களில் எழுதப்படும் அரசு ஏடுகளுக்கு இல்லாமற் போவதை நாம் வளர்ச்சி என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. கோப்பின் அமைப்பு முறை பகிரங்கமாக வெளியிடப்பட்டிருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருளை எழுதிக்கொள்ள உரிமை இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டின் சாரம் இதுதான். அலுவலக ஆவணங்களுக்கென்று அத்தகைய திறந்த வடிவம் ஒன்று, ஓடிஎஃப் என்ற பெயரில், 2006ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றிருக்கிறது.

இந்த வழியில் நடந்து காட்டியவர்களைத் தேட நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கேரளம் 2001இல் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்வியைத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தக் கல்வி முழுவதையும், யாரும் நிரலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய குனு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றிக்கொண்டது. 2017 முதல் ‘கைட்’ என்ற பெயரில் இயங்கும் அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம், பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களையெல்லாம் சேர்த்துத் தன் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தயாரித்து வழங்குகிறது. பாடநூல் அதைக் கொண்டு எழுதப்படுகிறது. ஆசிரியர்கள் அதில் பயிற்சி பெறுகிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவர்கள் அதிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு உரிமக் கட்டணம் செலுத்தாமையால் அரசுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் அந்நிறுவனம் மதிப்பிட்டது. அந்தத் தொகையைக் குறைத்து மதிப்பிடுவோரும் இருக்கலாம். என் மனத்தில் அதைவிடப் பெரிதாக நிற்பது, ஒரு மாநிலத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்கு வேண்டியபடி ஒரு கணினி அமைப்பைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றார்கள் என்பதே. மலையாள எழுத்துருக்களையும் சொல்லாக்கங்களையும் உருவாக்கிய சுதந்திர மலையாளக் கணிமை என்ற தன்னார்வக் குழு அங்கே அரசின் முயற்சியோடு கைகோத்து வளர்ந்தது.

தமிழ்நாட்டின் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. 2006ஐ அடுத்த ஆண்டுகளில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது மாநில அரசின் மின்னணுக் கழகமாகிய எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று; மற்றத் துறைகளையும் அதே பாதைக்கு அழைத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் கைகளுக்குக் கணினி போய்ச் சேர்ந்தது. அவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பதியப்பட்டிருந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியது. மேல்நிலைக் கணினிப் பாடநூலில் ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் இடம்பெற்றிருக்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் கேரளத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர் எல்லோருக்கும் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடம். இங்கேயோ கணினி மேல்நிலை வகுப்பில் விரும்பியவர் எடுத்துக்கொள்ளும் பாடம். வன்தட்டில் ஓர் இயங்குதளத்தைப் பதிந்து கொடுப்பது ஒரு நாள் வேலை. அதை ஆசிரியரின் கையிலும் மாணவனின் பழக்கத்திலும் பதியச் செய்வது ஒரு தலைமுறையின் வேலை. முதல் வேலையைச் செய்த நாம் இரண்டாவதை முடிக்காமல் விட்டோம்.

வெற்றிகளை மட்டும் எண்ணிக் காட்டுவது நேர்மையாகாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தபோது, அந்நாளைய மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் தம் விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு நகர மேயரைச் சந்திக்க வந்தார்; அவ்வளவு தூரம் அந்தத் தீர்மானம் உலகத்தின் கவனத்தை ஈர்த்திருந்தது. பத்தாண்டுகள் முயன்று, 2013 இறுதிக்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியும் முடித்தார்கள்; ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சப்பட்டது என்று நகராட்சி கணக்கும் காட்டியது. ஆயினும் 2017இல் புதிய தலைமையின் கீழ் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்புவதென்று வாக்களித்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகள் மைக்ரோசாஃப்டின் வடிவங்களிலேயே வந்துகொண்டிருந்தமையும், நகராட்சியின் கணினி நிர்வாகம் பல துறைகளாகச் சிதறிக் கிடந்தமையும் ஊழியர்களிடையே சலிப்பை வளர்த்திருந்தன. ஒரு நகரம் தனித்து நின்று மாறினால், சுற்றிலும் மாறாத உலகம் நாள்தோறும் அதைப் பழைய பாதைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது மியூனிக் தரும் பாடம். 2020இல் அங்கே அமைந்த கூட்டணி, இயன்ற இடங்களிலெல்லாம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளையே நாடுவோம் என்று மறுபடியும் உறுதி பூண்டது.

இதற்கு நேர்மாறாக, பிரான்ஸ் நாட்டின் ஜாந்தார்மெரி என்னும் காவற்படை ஆரவாரம் எதுவுமின்றி இதே காரியத்தைச் சாதித்திருக்கிறது. அவர்கள் எடுத்த எடுப்பிலேயே இயங்குதளத்தில் கைவைக்கவில்லை. 2005இல் முதலில் ஆவணங்கள் எழுதும் மென்பொருளை ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு உலாவியையும் மின்னஞ்சலையும் மாற்றினார்கள். ஊழியர்களின் கை அவற்றில் பழகிய பிறகே, 2008 முதற்கொண்டு, இயங்குதளத்தை லினக்ஸின் ஒரு வடிவமான உபுண்டுவாக மாற்றத் தொடங்கினார்கள். அடித்தளம் மாறும்போது மேலே தாங்கள் அன்றாடம் பார்க்கும் சன்னல்கள் மாறாமையால், பணியாளர்களுக்குப் பெரிய கலக்கம் நேரவில்லை. இன்று அந்தப் படையின் சுமார் ஒரு லட்சம் கணினிகள் அவ்வாறு இயங்குகின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் 2024 ஏப்ரலில் தன் 30,000 அலுவலகக் கணினிகளை லிபர் ஆபீஸுக்கு மாற்றத் தீர்மானித்து, இதே வரிசையைத்தான் பின்பற்றிவருகிறது.

இத்தகைய மாற்றத்துக்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளை அலட்சியம் செய்யலாகாது. உரிமக் கட்டணம் இல்லையென்றால் செலவே இல்லை என்று நினைப்பது பிழை. பயிற்சிக்குச் செலவு உண்டு. பழைய கோப்புகளையும் படிவங்களையும் மாற்றச் செலவு உண்டு. பழுது பார்க்க ஆட்கள் வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் வேலை சுணங்கும். ஓர் எழுத்தர் இருபதாண்டு பழகிய திரையை ஒரே நாளில் பறித்துக்கொண்டு புதியதைக் கொடுத்தால் அவர் கோபப்படுவது இயல்பே. ஆனால் இந்தச் செலவுக்கும் மற்றச் செலவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்டுதோறும் கட்டும் உரிமத் தொகை நின்றால் பயன்பாடும் நின்றுவிடும். பயிற்சிக்கும் உள்ளூர்த் தொழில்நுட்பர்களுக்கும் செலவிட்ட பணமோ நம்மிடையே திறமையாகத் தங்கும். மாறாமல் இருப்பதும் செலவற்றதன்று. விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கடுத்த பதிப்போ குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2017க்குப் பிந்திய செயலியும் இல்லாத கணினிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை எப்போது கழித்துக்கட்ட வேண்டும் என்ற தீர்மானத்தைக்கூட நாம் செய்யவில்லை. வெளியிலிருப்பவர்கள் நமக்காகச் செய்துவிடுகிறார்கள். கிணறு ஊருக்குப் பொதுவாயிருந்தும் கயிறும் வாளியும் ஒருவர் வீட்டில் இருந்தால், தண்ணீர் இறைக்கும் நேரத்தை அவரே குறிப்பார்.

வெளிநாட்டு மென்பொருளுக்குப் பதிலாகச் சுதேசி மென்பொருள் என்ற குரல் அண்மையில் வலுத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர் 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல், தமிழ்நாட்டில் வேரூன்றித் தென்காசி வட்டாரத்துக் கிராமங்கள் வரை வேலைவாய்ப்பைக் கொண்டு சென்ற ஸோகோ நிறுவனத்தின் மேடைக்கு மாறியிருக்கிறது. நம் மண்ணில் பிறந்த நிறுவனம் உலகத்தோடு போட்டியிட்டு இந்த நிலைக்கு உயர்ந்தது குறித்துத் தமிழர் எவருக்கும் மகிழ்ச்சி உண்டாகவே செய்யும். நயாராவுக்கு நேர்ந்த கதி அந்த வழியில் நேராது என்பதும் உண்மைதான். ஆயினும் ஏகபோகத்தின் சுபாவம் அதன் உரிமையாளரின் ஊரைப் பொறுத்து மாறிவிடுவதில்லை. இன்று நல்லவர்கள் நடத்தும் நிறுவனம் நாளை கைமாறலாம், விலை உயரலாம், தொழிலின் போக்கே வேறாகலாம். ஆகையால் வெளிநாட்டாரிடம் நாம் கேட்க வேண்டிய உறுதிமொழிகளையே உள்நாட்டாரிடமும் கேட்க வேண்டும். தரவுகளைத் திறந்த வடிவத்தில் முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை எழுத்து மூலமாக இருக்கிறதா? அரசின் பணத்தில் அரசுக்கென்று எழுதப்பட்ட நிரல் அரசுக்கே சொந்தமாகிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் சொல்லக்கூடிய சுதேசி நிறுவனத்துக்கு முன்னுரிமை தருவதை வரவேற்கலாம்.

இவையெல்லாம் புதிதாக யோசித்து எழுத வேண்டிய கொள்கைகளும் அல்ல. மின்னாளுகையில் திறந்த தரநியமங்களைப் பின்பற்ற வேண்டும் என்று இந்திய அரசு 2010 நவம்பரிலேயே கொள்கை வகுத்தது. திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அதைத் தவிர்ப்பவர்கள் காரணம் காட்ட வேண்டும் என்று 2015இல் மற்றொரு கொள்கையை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் ஆவண வடிவம் சர்வதேசத் தரமாக ஏற்கப்படுவதற்கு எதிராக 2007இலும் 2008இலும் வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2020 மே மாதத்தில், கொரோனாக் காலத்து ஆரோக்கிய சேது செயலியின் மூலநிரல், பலருடைய வற்புறுத்தலுக்குப் பிறகு, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கொள்கையில் நாம் பின்தங்கவில்லை. அந்தக் கொள்கை ஒப்பந்தப் புள்ளியின் வாசகமாகவும், தணிக்கையாளரின் கேள்வியாகவும் இறங்கி வருவதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

ஆகையால் நம் மாநில அரசும் மற்ற அரசுகளும் உடனடியாகச் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. முதலாவதாக, அரசு வெளியிடும் ஆணைகள், படிவங்கள், அறிக்கைகள், புள்ளிவிவரங்கள் யாவும் திறந்த வடிவத்திலும் ஒருங்குறித் தமிழிலும் மட்டுமே வெளிவர வேண்டும். எழுத்தைத் தேடவும் நகலெடுக்கவும் முடியாத நிழற்படக் கோப்புகளாக ஆணைகளை ஏற்றும் வழக்கம் ஒழிய வேண்டும். இரண்டாவதாக, பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் அரசுக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு, அந்த எழுத்துருக்களை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, ஒரு தனித் திட்டம் வேண்டும்; தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஸ்தாபனம் இதற்குப் பொருத்தமானது. மூன்றாவதாக, மென்பொருள் வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் வெளியேறும் வழியும் அதற்கு ஆகும் செலவும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலைப்புள்ளிகள் ஒப்பிடப்பட வேண்டும். நான்காவதாக, பிரெஞ்சுக் காவற்படை நடந்த வரிசையில், ஆவணங்களிலும் உலாவியிலும் தொடங்கி இயங்குதளத்தைக் கடைசியில் வைத்து, ஒரு துறையில் வேரூன்றிய பிறகே அடுத்த துறைக்குச் செல்ல வேண்டும்.

ஐந்தாவது காரியம் பள்ளியைச் சேர்ந்தது. என் பார்வையில் அதுவே தலையாயது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. சாதனத்துக்கு இவ்வளவு தாராளமாகச் செலவிட மனம் உள்ள அரசு, ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லா மாணவர்க்கும் கணினிக் கல்வியைப் பொதுவாக்கி, அதைத் திறமூல மென்பொருளில் தமிழ் வழியே கற்பிக்கவும், அதற்கு வேண்டிய ஆசிரியர்களை ஆண்டுதோறும் பயிற்றவும் ஒரு பங்கை ஒதுக்குவது அரிதான காரியமன்று. 2012 முதல் இத்தகைய மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற தன்னார்வ முயற்சிகள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு; கேரளத்தில் நடந்ததுபோல அரசு அவர்களை அழைத்துப் பாடத்திட்டக் குழுவில் அமர்த்த வேண்டும்.

மென்பொருளைப் பற்றிய பேச்சு நிபுணர்களுக்கு உரியது என்று விலகி நிற்கும் பழக்கம் நம் சட்டமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் நீடிக்கிறது. சாலை போடும் ஒப்பந்தத்தில் தாரின் கனத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு, பல கோடி ரூபாய் மென்பொருள் ஒப்பந்தத்தில் தரவுகள் யார் வசம் இருக்கும் என்று கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஊராரின் சொத்தைக் காக்கும் அக்கறை இருந்தால் போதும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்பவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவர் இருந்தாலும், 2010லும் 2015லும் எழுதி வைத்த கொள்கைகள் காகிதத்தை விட்டுக் காரியத்துக்கு வரும்.